நேர்கோட்டில் நகரும் ஊசி

இசைத்தட்டை உருவாக்குகிற யந்திரத்துக்கும் அதைப் பாட வைக்கிற யந்திரத்துக்கும் இடையே நெடுங்காலமாகவே ஒரு பிணக்கு இருந்து வருகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில், மென்மையான பூச்சுடைய அலுமினியத் தட்டின்மேல் பாட்டை வரிவரியாகச் செதுக்கும் கூரிய கருவி, நீண்ட திருகுக் கம்பி ஒன்றினால் இழுக்கப்பட்டு, விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி, தட்டின் ஆரத்தின் வழியே நேர்கோடாகப் பிரயாணம் செய்கிறது. அந்தத் தட்டின் பிரதியை விலைக்கு வாங்கி வீட்டிலே வைத்து நாம் கேட்கும்போதோ, ஊசியைத் தாங்கிய கரம் மூலையிலுள்ள ஓர் அச்சைச் சுற்றி, கதவு திறந்து மூடுவதைப் போல, வில்லாக வளைந்து செல்கிறது. எழுதிய கருவி வரிக்கு எந்தக் கோணத்தில் நின்றதோ அந்தக் கோணத்தில் வாசிக்கும் ஊசி நிற்பதில்லையாதலால், அந்தச் சிறு பிழை ஒலியிலே ஒரு கரகரப்பாக, பாடகர் பாடாத மேல் அதிர்வுகளின் கலப்பாக வந்து சேருகிறது.

இப்பிழையைக் கணிதத்தால் அடக்க முயன்றவர்கள் பலர். 1924இல் இங்கிலாந்தில் பெர்ஸி வில்சனும், 1938இல் ஸ்வீடனில் லோஃப்கிரெனும், 1941இல் பேர்வால்டும் எழுதிய கட்டுரைகளின் சாரம் ஒன்றே: கரத்தின் தலையை ஏறத்தாழ 23 அல்லது 24 பாகை உட்புறமாக மடக்கி, ஊசி முனை தட்டின் மைய முளையையும் தாண்டிச் சில மில்லிமீட்டர் நீளும்படி கரத்தைப் பொருத்தினால், தட்டின் பரப்பில் இரண்டு இடங்களிலாவது கோணம் பிசகாமல் அமையும்; மற்ற இடங்களில் பிழை இரண்டு பாகை அளவுக்குள் நிற்கும். 9 அங்குலக் கரங்கள் பெரும்பாலும், அவற்றின் விலை நூறானாலும் லட்சமானாலும், இந்த ஏற்பாட்டின்படிதான் அமைந்தவை.

இரண்டு பாகை என்றால் அற்பமல்லவா என்று கேட்கலாம். தட்டின் விளிம்பில் அது அற்பமே. ஆனால் நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழலும் ஒரு எல்.பி. தட்டில், விளிம்பருகே ஊசியின் அடியில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் வரி ஓடுகிறதென்றால், கடைசிப் பாட்டு முடியும் இடத்தில் 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதே ஸ்வரத்தை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். விநாடிக்குப் பத்தாயிரம் அதிர்வுள்ள ஓசையின் ஓர் அலைக்கு விளிம்பில் கிடைக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. உள்வரிகளிலோ ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே, கோணம் ஒரே அளவு பிசகினாலும் உள்ளே போகப் போக அதன் தண்டனை பெருகிக்கொண்டே போகிறது.

தமிழ்த் திரைப்பாட்டு கேட்டவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1970களில் நம் ஊர்களில் புழங்கிய 7 அங்குல ஈ.பி. தட்டில், 45 சுற்று வேகத்தில், பக்கத்துக்கு இரண்டு பாட்டாக நான்கு பாட்டுகளை அடைத்துவிடுவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முதற்பாட்டு துலக்கமாக ஒலிக்க, இரண்டாம் பாட்டின் உச்ச ஸ்தாயிகளில், முக்கியமாகப் பாடகியின் ‘ச’கரமும் வயலின் கூட்டமும் வருமிடத்தில், ஒரு சிராய்ப்பு சேர்ந்து வரும். பதிவு சரியில்லை என்றும் தட்டு தேய்ந்துவிட்டது என்றும் பழி சொல்லப்பட்ட பல இடங்களில், குற்றவாளிகளுள் கோணமும் ஒன்று.

மடக்கிய கரத்துக்கு இன்னொரு பாபமும் உண்டு. வரியின் உராய்வு ஊசியை முன்னோக்கி இழுக்கிறது. கரத்தின் தலை மடங்கியிருப்பதால் அந்த இழுவையின் ஒரு பகுதி கரத்தை மையத்தை நோக்கித் தள்ளுகிறது. ஊசியின் பாரத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும் இந்த உள்ளிழுப்பினால், வரியின் உட்சுவர் வெளிச்சுவரைவிட அதிகமாகத் தேய்கிறது. சிறு எடையைத் தொங்கவிட்டோ சுருள்வில்லைக் கட்டியோ எதிர்த்திசையில் இழுத்துச் சமன் செய்வார்கள். பாட்டின் உரப்புக்கும் வரியின் இடத்துக்கும் ஏற்ப அந்த உராய்வு கணந்தோறும் மாறுவதால், சமன்பாடு என்றும் தோராயமே.

இத்தனைக்கும் பரிகாரம் வெளிப்படையானது: செதுக்கும் கருவி எப்படிச் சென்றதோ அப்படியே வாசிக்கும் ஊசியையும் நேர்கோட்டில் செலுத்திவிடுவது. வேடிக்கை என்னவெனில், எடிசன் 1877இல் செய்த முதல் போனோகிராப் நேர்வழியில்தான் சென்றது. உருளை திருகின்மேல் நகர, ஊசி அதன் முதுகில் கோடு தவறாமல் நடந்தது. தட்டையான தட்டைப் பெர்லினர் 1887இல் கொண்டுவந்தார். அவரைப் பின்தொடர்ந்து வந்த மலிவான யந்திரங்களில், தட்டின் வரியே கரத்தைத் தள்ளிக்கொண்டு போகும் சௌகரியத்துக்காக, நேர்மை கைவிடப்பட்டது. அதை மீட்க ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு பிடித்தது. அமெரிக்காவில் 1963இல் மாரண்ட்ஸ் நிறுவனம் எஸ்.எல்.டி.-12 என்ற யந்திரத்தை வெளியிட்டது. ஜேக்கப் ராபினோவ் என்னும் பொறியாளர், கரம் சற்றே சாய்ந்தால் மின்தொடர்பு ஒன்று மூடி மோட்டார் ஓடும் உபாயத்தைக் கண்டு, ராப்கோ என்ற பெயரில் விற்றார்.

ஆயினும், இந்த வித்தையை ஒரு நேர்த்தியான வீட்டுச் சாமானாக ஆக்கிக் காட்டியது டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்ஸன். 1972இல் அவர்கள் வெளியிட்ட பியோகிராம் 4000இன் உருவத்தை வரைந்தவர் ஜேக்கப் ஜென்சன். அதன் நேர்க்கரத்தின் பொறியியலுக்குப் பின்னே நின்றவர் சுபீர் பிரமாணிக் என்ற இந்தியர். அந்நிறுவனம் பிற்பாடு செய்த வைர ஊசி முனைகளில் ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த யந்திரத்தில் இணையான இரண்டு கரங்கள் இருக்கும். ஒன்று ஊசியைத் தாங்கும். மற்றொன்றில் ஊசியே இல்லை, சிறு விளக்கும் ஒளியுணரும் கண்ணும் உண்டு. கறுப்பு வரைகள் கொண்ட பளபளப்பான சுழல்மேடை வெறுமையாகச் சுழன்றால் திரும்பி வரும் ஒளி விட்டு விட்டுத் துடிக்கும். தட்டு இருந்தால் துடிப்பு நின்றுவிடும். தட்டு இல்லாத மேடையில் ஊசியை இறக்க அந்த யந்திரம் மறுத்துவிடும். நம் நாட்டுக்காரர் ஒருவர் இப்படி உலகத்தின் மூலையிலுள்ள ஸ்ட்ரூயர் என்ற சிற்றூரில் இருந்து செய்த காரியத்தை இசை ரசிகர்களான நம்மவர்களில் அநேகர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குச் சிறிது வருத்தம்.

பின்னர் 1977இல் ஸ்விட்ஸர்லாந்தின் ரெவாக்ஸ் பி790உம், 1979இல் ஜப்பானிலிருந்து டெக்னிக்ஸ் எஸ்.எல்.-10உம் வந்தன. எஸ்.எல்.-10 ஓர் எல்.பி. உறையின் அளவே ஆன சதுரப் பெட்டி. மூடியின் அடிப்புறத்திலே கரம். மூடினால் பாடும், செங்குத்தாக நிறுத்தினாலும் பாடும். 1980களில் குறுந்தட்டு வந்து இசைத்தட்டை ஓரங்கட்டும்வரை ஜப்பானிய நிறுவனங்கள் இவ்வகை யந்திரங்களை விதவிதமாகச் செய்து குவித்தன. இன்று பழஞ்சாமான் சந்தைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அவைதாம்.

நேர்க்கரம் நேராகப் போகிறது என்று சொல்வது பாதி உண்மைதான். ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷம் பாடும் எல்.பி.யில் ஊசி சுமார் 660 சுற்றில் 86 மில்லிமீட்டர் உள்நோக்கி வர வேண்டும். அதாவது சுற்றுக்கு 0.13 மில்லிமீட்டர். பாட்டுக்குப் பாட்டு, ஏன், உரத்த இடத்துக்கும் மெல்லிய இடத்துக்குமே இந்த இடைவெளி மாறுவதால், மோட்டாரை ஒரே வேகத்தில் ஓட விட்டுவிட முடியாது. ஆதலால், தண்டவாளத்தின்மேல் நகரும் வண்டியிலே பத்து சென்டிமீட்டர் அளவான ஒரு குட்டிக் கரத்தைத் தொங்கவிட்டு, அதற்குப் பக்கவாட்டில் மிகச் சிறிதளவு அசையச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார்கள். வரி ஊசியை உள்ளே இழுக்க, கரம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்கிறது, கரத்தின் வாலிலுள்ள மெல்லிய தகடு ஒரு விளக்குக்கும் ஒளிக்கண்ணுக்கும் இடையே விலகுகிறது, வெளிச்சம் மாறியதை அறிந்த மோட்டார் விழித்துக்கொண்டு வண்டியை ஒரு மயிரிழை முன்னே தள்ளுகிறது, கரம் மறுபடி நேராகிறது, மோட்டார் ஓய்கிறது. பத்து சென்டிமீட்டர்க் கரத்துக்குப் பத்தில் ஒரு பாகை என்பது 0.17 மில்லிமீட்டர்; ஆகவே ஒரு சுற்று அல்லது ஒன்றரைச் சுற்றுக்கு ஒருமுறை இந்த நாடகம் நடந்தாக வேண்டும். பிழையே இல்லாத கரம் அன்று இது; பிழை பெருகுமுன் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் கரம். பழைய நேர்க்கர யந்திரத்தைச் சீர்ப்படுத்துவதென்பது, இதனால், வடிவகணித வேலையாக இராமல், முதுமையால் மந்தமாகிவிட்ட ஒரு கண்ணுக்கும் காலுக்கும் செய்யும் வைத்தியமாகவே முடிகிறது.

வருஷநாட்டு மலைகளிலிருந்து இறங்கும் மூல வைகையின் ஓரத்தில், மயிலாடும்பாறையில், இத்தகைய ஜப்பானிய யந்திரம் ஒன்றை என் மேசைமேல் வைத்துக்கொண்டிருக்கிறேன்; சென்னையில் பழைய மின்சாதனங்கள் விற்கும் கடையிலிருந்து வந்தது. இசைத்தட்டுக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் பந்தம் பழையது. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைத்தபோது, அந்தப் பாட்டுகளைக் கம்பம், உத்தமபாளையம், ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றவை கல்யாண வீட்டுக்கும் காதுகுத்துக்கும் கோயில் கொடைக்கும் வந்திறங்கிய மைக் செட்டுகள். புளியமரத்துக் கிளையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, பந்தலின் மூலையில் ஒரு நாற்காலியில் ஆம்ப்ளிபையரையும் ரெக்கார்டு பிளேயரையும் வைத்து, இரவு முழுதும் தட்டு மாற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எங்கள் ஊரிலே இன்னும் இருக்கிறார். அவரிடம் வாங்கிய ஈ.பி.க்களைக் கேட்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம்.

முதல் விஷயம் மின்சாரம். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்காகச் செய்யப்பட்ட யந்திரம் 100 வோல்ட்டுக்கானது. நம்முடைய 230 வோல்ட்டில் செருகினால் அதற்கு அதுவே அந்திமக் கிரியை. அமெரிக்கச் சாமான்களுக்கென்று விற்கும் 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரைச் சிலர் உபயோகிக்கிறார்கள். பகலில் பம்பு செட்டுகள் ஓடி வோல்ட்டேஜ் தாழ்ந்திருக்கையில் அது போதும், நள்ளிரவில் லைன் 245க்கு ஏறும்போது அது 117 வோல்ட் கொடுக்கும். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை இல்லாத ஊர் இந்தப் பக்கத்தில் இல்லையாதலால், 23க்கு 10 என்ற சுற்று விகிதத்தைச் சொல்லி ஒரு சிறு டிரான்ஸ்பார்மரைக் கட்டி வாங்குவதே உத்தமம். அதன் முன்னே ஒரு ஸ்டெபிலைசர் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, பிரயாணத்துக்காக வண்டியையும் கரத்தையும் பூட்டி வைக்கும் திருகு. இது பெரும்பாலான நேர்க்கர யந்திரங்களில் உண்டு. அதைக் கழற்றாமல் மின்சாரம் கொடுத்தால் மோட்டார் முனகி முனகிப் பல்சக்கரத்தைக் கடித்துவிடும். பிறகு ரசமட்டம். சாதாரணக் கரத்தில் மேசை சற்றுச் சாய்ந்திருந்தால் பெரிய கேடு இல்லை. நேர்க்கரங்கள் பலவற்றிலோ, மேசை ஒருபக்கம் சாய்ந்தால் குட்டிக் கரம் தன் பாரத்தினாலேயே அந்தப் பக்கம் விழ, ஒளிக்கண் அதை வரியின் இழுப்பு என்று எண்ணி ஏமாறும். கொத்தனார் வைத்திருக்கும் நீள ரசமட்டத்தைவிட, சுழல்மேடையின் நடுவே வைக்கக்கூடிய வட்ட ரசமட்டம் சௌகரியம். சிமெண்டுத் தரையில் நிற்கும் கனத்த மேசை வேண்டும்; சாலையோரத்து வீட்டில் மணல் லாரி போகும்போது ஊசிக்கும் அது தெரியும்.

இனித் தண்டவாளம். நாற்பதாண்டுக்கு முன் இட்ட கிரீஸ், மெழுகாகி, மெழுகிலிருந்து பிசினாகி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கரம் சாய்கிறது, மோட்டார் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. பிறகு திடீரென்று துள்ளிக் குதிக்கிறது. பாட்டில் தாளம் தப்பினாற்போல் ‘டப்’பென்று ஓர் ஓசை கேட்டால் காரணம் இதுவே. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பருத்தித் துணியில் நனைத்துத் தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும். மெருகிட்ட எஃகாகையால் உப்புத்தாள் கொண்டு தேய்க்கலாகாது. சுத்தமானபின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு துளியை விரல் நுனியில் எடுத்துத் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் எதற்கும் கைகொடுக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த ஓரிடத்தில் மட்டும் அதை மறந்துவிட வேண்டும். சுமார் 24 பாகை வெப்பத்துக்குக் கீழே அது உறையும், மார்கழி இரவில் மலையடிவாரத்து வீட்டில் வண்டி நடுவழியில் நிற்கும்.

வண்டியை இழுக்கும் சிறு ரப்பர் பெல்ட் இரண்டு விதமாக மரிக்கிறது. ஒன்று இறுகி வெடிக்கிறது, மற்றொன்று தாராக உருகிக் கப்பியில் ஒட்டிக்கொள்கிறது. உருகியதை முழுதும் துடைத்தெடுக்காமல் புதிய பெல்ட்டைப் போட்டால் அதுவும் சீக்கிரம் கெடும். அளவு தெரியாதபோது, கப்பிகளைச் சுற்றி நூலை இறுக்கமின்றி வைத்து அளந்து, அதிலிருந்து நூற்றுக்கு ஐந்து முதல் பத்துவரை கழித்து வாங்குவது வழக்கம். இதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது அதிகம் உள்ள இடம் ஒளிக்கண். பழைய யந்திரங்களில் இழை விளக்கு இருக்கும்; ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கண்ணாடியின் உட்புறம் கறுத்து, ஒளி மங்கும். கண்ணுக்குப் பாதி வெளிச்சமே எட்டும்போது, கரம் நேராக இருக்கையிலேயே அது சாய்ந்துவிட்டதாகத் தோன்றும்; அல்லது எவ்வளவு சாய்ந்தாலும் போதவில்லை என்று தோன்றும். வண்டி தானாகவே மெல்ல ஊர்ந்துகொண்டிருப்பதும், கரம் உட்பக்கமாகவே கோணி நிற்பதும் இதன் அறிகுறிகள். முதலில் தூசியைத் துடைத்து, விளக்கை மாற்றிப் பார்த்து, அதற்குப் பிறகே சர்க்யூட்டிலுள்ள பிரீசெட் என்ற திருத்தும் திருகில் கை வைக்க வேண்டும். கை வைக்குமுன் அது இப்போது நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வது அவசியம். ரேடியோ மெக்கானிக்குகள்கூட இங்கே சறுக்குவதற்கு ஒரு காரணம் உண்டு: மூடியைக் கழற்றிவிட்டுப் பட்டப்பகலில் திருத்தினால், ஜன்னல் வெளிச்சமே ஒளிக்கண்ணில் விழுந்து கணக்கைக் கெடுத்துவிடும். அப்போது சரியாக ஓடும் யந்திரம், மூடியைப் போட்டதும் மறுபடி கோணும். அறையை இருட்டாக்கியோ, கறுப்புத் துணியைப் போர்த்தியோதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. சில தட்டுகளில் ஒரு பக்கம் வரியே இல்லாமல் வழவழப்பாக விடப்பட்டிருக்கும்; அப்படி ஒன்று கிடைத்தால் அதன்மேல் ஊசியை இறக்கிச் சுழலவிட்டுப் பார்க்கலாம். மட்டமும் ஒளிக்கண்ணும் ஒழுங்காக இருந்தால் ஊசி போட்ட இடத்தை விட்டு அதிகம் அசையாது. மையத்தை நோக்கியோ விளிம்பை நோக்கியோ ஓடினால், எந்தப் பக்கம் ஓடுகிறதென்பதே எந்தப் பக்கம் திருத்த வேண்டுமென்பதைச் சொல்லிவிடும். பிரீசெட்டை ஒரு மயிரிழைக்கு மேல் ஒரே தடவையில் திருப்பலாகாது. முடிவில், பாடும் தட்டின் வெளிவரிகளிலும் உள்வரிகளிலும் கரம் தண்டவாளத்துக்குச் செங்கோணமாக நிற்கிறதா, வண்டி சிறு சிறு சமமான அடிகளாக நகர்கிறதா என்று பக்கத்தில் குனிந்து கவனிக்க வேண்டும்.

வளைகரத்துக்கு இரண்டு இடத்தில் சரியாக இருந்தால் போதும். நேர்க்கரத்துக்கு வழிநெடுக ஒரே ஒரு நிபந்தனை: ஊசி முனை செல்லும் கோடு தட்டின் மையத்தினூடே போக வேண்டும். ஒரு காகிதத்தில் மைய முளைக்குத் துளையிட்டு, அதிலிருந்து விளிம்புவரை நேர்கோடு கிழித்து மேடைமேல் பரப்பி, வண்டியைக் கையால் நகர்த்தினால், முனை அந்தக் கோட்டைவிட்டு விலகலாகாது. ஒரு மில்லிமீட்டர் விலகினால் விளிம்பில் கோணப் பிழை 0.4 பாகை, உள்வரியில் ஏறக்குறைய 1 பாகை. வளைகரத்தின் இரண்டு பாகையைவிட இது குறைவே எனினும், பிழை பெரிதாகும் இடம் பிழையைத் தாங்க மாட்டாத உள்வரியாக இருப்பதால், இதைச் சும்மா விடக் கூடாது. எஸ்.எல்.-10உடன் வந்த டி4பி என்ற ஏற்பாட்டில், ஊசியைத் தாங்கும் கேட்ரிட்ஜைச் செருகி ஒரு திருகை முடுக்கினால் போதும். கேட்ரிட்ஜின் எடை 6 கிராம், ஊசியின் பாரம் 1.25 கிராம், முனையின் இடம் எல்லாம் முன்னதாகவே நிர்ணயமானவை. திருத்துவதற்கு இடமின்றிச் செய்ததை அக்கால ரசிகர்கள் சிலர் அவமதிப்பாகக் கருதினர். எனக்கு அது பெரிய உபகாரமாகவே படுகிறது. திருத்தக்கூடிய யந்திரமானால், சிறு கண்ணாடித் துண்டின்மேல் ஊசியை நிறுத்தி, கேட்ரிட்ஜும் அதன் பிம்பமும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1.25 கிராம் என்பது, பொற்கொல்லர் கணக்கில், ஏறக்குறைய பத்துக் குன்றிமணி. நகைக்கடைத் தராசில் அளந்து அந்தப் பாரத்தை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மைக் செட்டுக்காரப் பெரியவர் வந்து நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எதுக்குத் தம்பி இம்புட்டுத் தராசு? எங்க காலத்துல தட்டு தாவுச்சுன்னா முள்ளு மேல ஒரு பத்துப் பைசாவ வச்சு ஒட்டிருவோம். அது பாட்டுக்குப் பாடும்.”

“தட்டு தேஞ்சிராதாங்கய்யா?”

“தேயும். தேயறதுக்குள்ள அடுத்த படம் வந்துரும்ல.”

அவர் சொன்னதில் தொழில் நியாயம் இருக்கிறது. பந்தலில் ஆட்டம் பாட்டத்தின் அதிர்வுக்கு ஈடுகொடுத்து வரியிலேயே நிற்கும் பாரம் அவருக்கு வேண்டியிருந்தது. நான்கைந்து கிராமுக்கு மேலான பாரத்தோடு ஓடிய செராமிக் கேட்ரிட்ஜுகள் அதற்காகவே ஏற்பட்டவை. ஆனால் அந்த ஊசிகள் உழுது சென்ற வரிகளை எந்த நேர்க்கரமும் மீட்க முடியாது. கோணத்தால் விளைந்த கரகரப்பு இந்த யந்திரத்தில் நீங்கும். சுவர் இடிந்ததால் விளைந்தது நீங்காது. பெரியவரின் தட்டுகளில், அதிகம் ஓடாத சோகப் பாட்டுகளின் பக்கங்களில் இரண்டாம் பாட்டு முன் கேட்டறியாத தெளிவோடு ஒலித்தது. கல்யாண வீடுகளில் ஓயாமல் ஓடிய பக்கங்களில் வித்தியாசம் சொல்லும்படி இல்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேடையின் விளிம்பில் கறுப்பு வெள்ளை வரைகளைத் தீட்டி, மின்விளக்கின் துடிப்பில் அவை நகராமல் நிற்பதைப் பார்த்து வேகத்தைச் சரிசெய்வது பழைய முறை; 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிப்பதால், 33⅓ சுற்றுக்கு 180 வரைகள் வேண்டும். மின்சாரமே 50இல் நிலைத்து நின்றால்தான் இந்தச் சாட்சி செல்லும். 1990களில் தென்னக மின்கட்டம் 49க்கும் கீழே இறங்கிய நாட்கள் அநேகம்; 49 ஹெர்ட்ஸில் இந்தச் சோதனையை நம்பிச் சரிசெய்த தட்டு நூற்றுக்கு இரண்டு பங்கு மெதுவாகச் சுழலும். நம் சங்கீத சாஸ்திரத்தில் பிரமாண சுருதி எனப்படும் 81க்கு 80 என்ற இடைவெளி நூற்றுக்கு ஒன்றேகால். ஆகவே சுருதி பிசகியது செவிக்கே தெரியும். 2013 டிசம்பர் 31இல் தென்னகக் கட்டம் தேசியக் கட்டத்தோடு ஒன்றாக இணைந்தபின் இந்தக் குறை வெகுவாகக் குறைந்துவிட்டது. குவார்ட்ஸ் படிகத்தால் வேகத்தைக் காக்கும் நேர்க்கர யந்திரங்கள், மின்கட்டம் எப்படி ஆடினாலும் தம் வேகத்தில் பிசகுவதில்லை.

தூசி வேறு விஷயம். ஆனி, ஆடியில் இந்தப் பள்ளத்தாக்கின் வழியே பாயும் தென்மேற்குக் காற்று ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு, செம்மண்ணையும் வாரிக்கொண்டு வருகிறது. வளைகர யந்திரத்தில் தூசி ஊசியில் மட்டுமே சேரும். இங்கோ தண்டவாளத்திலும் ஒளிக்கண்ணிலும் சேர்கிறது. அந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறை தண்டவாளத்தைத் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நடுத்துளை மையத்தில் அமையாத தட்டுகளும் இந்த யந்திரத்துக்குச் சங்கடம் கொடுக்கும். துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வரி ஒரு மில்லிமீட்டர் உள்ளும் புறமும் ஆடும்; நீண்ட வளைகரம் அதோடு சேர்ந்து ஆடிவிட்டுப் போகும். நேர்க்கரத்தின் வண்டி ஒவ்வோர் ஆட்டத்தையும் துரத்த முற்பட்டால் மோட்டாருக்கு ஓய்வே இராது. ஆகவே நல்ல யந்திரங்களில் சர்க்யூட் வேண்டுமென்றே சற்று மந்தமாக வைக்கப்பட்டு, ஆட்டங்களின் சராசரியை மட்டும் பின்பற்றும். திருத்துகிறவர் துடிப்பாக ஓடட்டும் என்று அந்த மந்தத்தைப் போக்கிவிட்டால், வண்டி வெடவெடவென்று நடுங்கும்.

இனி, பெரியவரின் மரப்பெட்டியில் ஈ.பி.க்களுக்கு அடியில் இருக்கும் 78 சுற்று அரக்குத் தட்டுகள். அவற்றை இந்த யந்திரம் பாடாது. இவ்வகையில் அநேகமாக எல்லாவற்றுக்கும் 33⅓, 45 என்ற இரண்டே வேகங்கள்தாம். ஊசியும் பொருந்தாது, ஏனெனில் எல்.பி. ஊசியின் முனை ஆரம் 0.018 மில்லிமீட்டர், அரக்குத் தட்டின் அகன்ற வரிக்கு 0.076 வேண்டும். ஆனால் அதனால் நஷ்டம் அதிகமில்லை. 78 சுற்றில், 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள உள்வரியில்கூட விநாடிக்கு 41 சென்டிமீட்டர் வரி ஓடுகிறது; எல்.பி.யின் உள்வரியைப் போல் இது ஏறத்தாழ இருமடங்கு. அங்கே இரண்டு பாகைப் பிழை காதுக்கு எட்டுவதற்குள் அரக்கின் இரைச்சல் அதை மூடிவிடும். அந்தத் தட்டுகளுக்காக, வளைந்து செல்லும் பழைய கரமுள்ள நான்கு வேக பிளேயர் ஒன்று பக்கத்து மேசையில் இருக்கிறது. அதற்கு ரசமட்டம்கூட வைத்துப் பார்த்ததில்லை.